பிளஸ் ஒன்: கல்லூரிக்கு வழி பிரியும் ஆண்டு

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போய்விட்டது. 2025 ஆகஸ்ட் 8-ம் தேதி சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டார். அந்தக் கல்வியாண்டிலிருந்தே பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது என்ற அறிவிப்பும் அதனுடன் வந்தது. பிள்ளைகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள், பெற்றோரும்தான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டு வரிசையாகப் பொதுத்தேர்வு எழுதுவது பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பெரும் பாரம். அதைக் குறைத்தது நல்ல காரியம்.

ஆனால், அந்தத் தேர்வு எதற்காக வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 2017-க்கு முன்பு பல தனியார் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை ஒப்புக்குத் திறந்து மூடிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடமும் உருப்போட வைத்தார்கள். மதிப்பெண் குவிந்தது. அதே பிள்ளைகள் பொறியியல் முதலாண்டில் கணிதத்திலும் இயற்பியலிலும் திணறினார்கள். இதற்குக் கடிவாளம் போடத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 1,200 மதிப்பெண் 600 ஆனதும் அப்போதுதான். இரண்டு ஆண்டு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்க்கும் யோசனை முதலில் இருந்தது. 2018-லேயே அரசு அதைக் கைவிட்டு, உயர்கல்விக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டது.

இப்போது தேர்வும் இல்லை. பாடம் மட்டும் அப்படியே இருக்கிறது. நீட், ஜேஇஇ கேள்வித்தாள்கள் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் தயாராகின்றன. பிளஸ் ஒன் இயற்பியலில் விசையும் இயக்கமும் புரியாமல் தாண்டிய பிள்ளைக்கு, பிளஸ் டூ முடித்து மே மாதத்தில் உட்கார்ந்து அதைப் பிடிக்க நேரம் கிடையாது.

பாடம் ஒரு பக்கம். கடலூர் மாவட்டத்தில் ஒரு பிள்ளை கல்லூரி வாசலை மிதிப்பதைத் தீர்மானிக்கும் வேறு சில விஷயங்கள் இருக்கின்றன. எந்த குரூப், எந்தப் பள்ளி, எந்தச் சான்றிதழ், எந்தத் தேதி என்ற இந்த நான்கும் பெரும்பாலும் பிளஸ் ஒன்னிலேயே முடிவாகிவிடுகின்றன. முடிவாகிவிட்டது என்பது வீட்டுக்குத் தெரியவருவதோ பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான்.

பல்கலைக்கழகத்தின் நிழலில்

கல்விக்கு வாடிய ஊரல்ல, இந்த மாவட்டத்துச் சிதம்பரம். ஆறுமுக நாவலர் 1864-ல் இங்கே சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளி வாசலில்கூட நிற்க விடப்படாத ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காக 1916-ல் சுவாமி சகஜானந்தா நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். 1920-ல் அண்ணாமலை செட்டியார் மீனாட்சி கல்லூரியை நிறுவ, 1929-ல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி 1964-ல் வந்தது; சிதம்பரத்தை அடுத்த சி.முட்லூர் அரசு கலைக் கல்லூரி 1982-ல் வந்தது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இத்தனை கல்லூரிகள் உள்ள மாவட்டம் இது.

1978-க்கு முன்னால் பிளஸ் டூ என்ற ஒன்றே கிடையாது. பள்ளியில் பதினோரு ஆண்டு படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளை, புகுமுக வகுப்புக்கு நேராகக் கல்லூரிக்கே போனது. பி.யூ.சி. படித்த அந்த ஓராண்டில் கல்லூரி என்றால் என்ன, எந்தத் துறை எங்கே இருக்கிறது, யார் என்ன படிக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணால் பார்த்தே தெரிந்துவிடும். பிளஸ் டூ வந்ததும் அந்த ஆண்டு பள்ளிக்குள் வந்தது. அதனால் எத்தனையோ நன்மை. ஆனாலும், தன் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கல்லூரியை ஒருமுறைகூட உள்ளே போய்ப் பார்க்காமல் விண்ணப்பம் போடும் தலைமுறையும் அதோடு வந்துவிட்டது.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. உலகம் முழுவதிலும் உள்ள கடல் ஆய்வாளர்களுக்குத் தெரிந்த பெயர் அது. பிச்சாவரம் சதுப்புக் காட்டின் ஓரத்தில், தோணியிலேயே வளரும் மீனவப் பிள்ளை, 'நண்டைப் பற்றியும் இறாலைப் பற்றியும் பட்டப்படிப்பு இருக்கிறது, அதற்குப் பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுத்திருக்க வேண்டும்' என்பதைத் தெரிந்துகொள்வது எப்போது? பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் மாதத்தில் யாராவது சொன்னால்தான் உண்டு.

பிளஸ் ஒன் சேர்க்கை மேசையில், 'கூட்டாளி என்ன எடுத்தானோ அதையே நானும்' என்று கையெழுத்துப் போடும் பிள்ளைகள் ஏராளம். கணிதம்-கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துவிட்டு ஒரு வருடம் கழித்து நர்சிங் போகலாமா என்று கேட்கும் மாணவிக்கும், வணிகவியல் எடுத்துவிட்டு வேளாண்மை கேட்கும் மாணவனுக்கும் ஆசிரியரால் சொல்ல முடிவது அதிகமில்லை. குரூப் மாற்றிக்கொள்ள வாய்ப்பு இருப்பது பிளஸ் ஒன் தொடங்கும் ஓரிரு வாரங்களில்தான். அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1-ல் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு முதலே வழிகாட்டல் தருவதுதான் அதன் நோக்கம். அந்த வழிகாட்டல் வகுப்பு டைம்டேபிளில் ஒரு பீரியடாக மட்டும் நின்றுவிடாமல், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் வாரத்தில் பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசும் நிகழ்ச்சியாக மாற வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் அழுத்தமான கோரிக்கை.

பள்ளி மாறினால் போவது என்ன?

பத்தாம் வகுப்பில் 450-க்கு மேல் எடுத்த அரசுப் பள்ளிப் பிள்ளையைத் தேடி ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள். 'ஃபீஸ் வேண்டாம், பஸ் ஃப்ரீ, நீட் கோச்சிங்கும் நாங்களே தருகிறோம்.' பெற்றோருக்குப் பெருமையாக இருக்கும். ஜூனில் பிள்ளை தனியார் பள்ளிச் சீருடைக்கு மாறிவிடும். அந்த இடமாற்றத்தின் விலையைக் கணக்குப் போட்டுச் சொல்ல அப்போது யாரும் பக்கத்தில் இருப்பதில்லை.

விலை இதுதான். நீட் மூலம் நடக்கும் மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. 2021-ல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. தகுதி என்னவென்றால், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளை, முந்தைய ஐந்து ஆண்டும் அரசுப் பள்ளியில் படித்திருந்தாலும் இந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

இன்னொரு இழப்பும் உண்டு. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரி செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ல் வந்தது. இரண்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி என்பதுதான் நிபந்தனை. மூன்று வருட பி.எஸ்சி. படிக்கும் ஒரு பெண்ணுக்கு மொத்தமாக 36,000 ரூபாய். புவனகிரியிலிருந்தோ குறிஞ்சிப்பாடியிலிருந்தோ தினமும் கல்லூரிக்குப் போய்வரும் பெண்ணுக்கு அது சாப்பாடு, புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம். 'இனி வீட்டில் காசு கேட்க வேண்டாம்' என்ற தைரியத்தை அது கொடுக்கிறது.

சில பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி நல்லதாகவே இருக்கலாம். முடிவு குடும்பத்தினுடையது. ஆனால், இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி, டி.சி. வாங்க வரும் ஒவ்வொரு பெற்றோர் கையிலும் தலைமையாசிரியர் கொடுப்பதற்கு என்ன தடை? அரசாணை எதுவும் அதற்குத் தேவையில்லை.

சிதம்பரத்துக்காரர்களுக்குக் கட்டணம் என்பது வெறும் எண் அல்ல. அண்ணாமலைநகர் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் கட்டிவந்தார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளிலோ அப்போது 13,610 ரூபாய்தான். பல்கலைக்கழகத்தை 2013-லேயே அரசு எடுத்துக்கொண்ட பிறகும் கட்டணம் குறையவில்லை. 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மழையிலும் பனியிலும் வாரக்கணக்கில் அது நீண்டது. 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. கட்டணமும் மற்ற அரசுக் கல்லூரிகளின் அளவுக்கு இறங்கியது. சிதம்பரத்துப் பிளஸ் ஒன் பிள்ளை இன்று வெள்ளைக் கோட்டுக் கனவு காண்பதற்குப் பின்னால் அந்த மாணவர்களின் போராட்டமும் இருக்கிறது.

இ-சேவை மையத்தின் வாசலில்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் தாலுகா அலுவலகங்களையும் இ-சேவை மையங்களையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். விண்ணப்பம் ஒன்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். பணத்தைவிட நேரத்தைத் தின்பது மற்ற சங்கதிகள். விண்ணப்பிப்பவருக்கான கேன் எண் பதிய ஓடிபி வேண்டும். ஆதாரில் இணைத்த செல்போன் எண், திருப்பூரில் வேலை செய்யும் அண்ணனிடம் இருக்கும். அண்ணன் ஷிப்ட்டில் இருப்பான், போனை எடுக்க மாட்டான். ஆதாரில் இனிஷியல் பின்னால், பள்ளிச் சான்றிதழில் முன்னால். அப்பா பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, டி.சி.யில் வேறு மாதிரி. வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போக வேண்டிய விண்ணப்பம் முதல் படியிலேயே திரும்பி வரும்.

இவற்றில் பெரும்பாலானவை பிளஸ் ஒன் காலாண்டு விடுமுறையில் நிதானமாக முடித்துவிடக்கூடிய வேலை. சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். முதல் பட்டதாரிச் சான்றிதழ், குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்காதிருந்தால், வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் பெரும் சலுகை தரும். எந்தப் பிள்ளைக்கு அதைப் பயன்படுத்துவது என்பதையும் வீட்டில் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். மூத்தவன் கலைக் கல்லூரியில் சேர்ந்து, தங்கை பொறியியல் போகப்போகிறாள் என்றால், அந்தக் கணக்கே வேறு.

பலரைக் கவிழ்ப்பது இன்னொன்று. தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநிலச் சேர்க்கைக்குத்தான் செல்லும். நீட், ஜேஇஇ, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வு ஆகியவற்றில் இடஒதுக்கீடு கேட்டால், மத்திய அரசின் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். வருமானம் பார்த்துத் தரும் அந்தச் சான்றிதழை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் காலாப்பட்டில் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிளஸ் டூ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாதங்களிலேயே அதற்கான க்யூட் விண்ணப்பம் திறந்து மூடிவிடுகிறது. ரிசல்ட் வந்த பிறகு தேடுபவர்களுக்கு அந்த ஆண்டு வாய்ப்பு போனதுதான்.

கிள்ளையிலும் சுற்றிலும் உள்ள இருளர் குடியிருப்புகளில் நிலைமை இதைவிடக் கடினம். எஸ்.சி. சான்றிதழை வட்டாட்சியரே தருகிறார். பழங்குடியினர் சான்றிதழைத் தருவது கோட்ட அளவிலான அதிகாரி. விசாரணை நடக்கும். முந்தைய தலைமுறையிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். பள்ளிக்கே போகாத தாத்தாவிடம் என்ன சான்றிதழ் இருக்கும்? மாநிலத்தில் பழங்குடியினருக்கு ஒரு சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, கல்வி உதவித்தொகை இருக்கிறது, விடுதி இருக்கிறது. ஒரு தாள் இல்லாததால் இவை எதுவும் அந்தப் பிள்ளையின் கைக்கு எட்டுவதில்லை. அந்தக் குடியிருப்புகளிலிருந்து பிளஸ் ஒன் வரை வந்த ஒவ்வொரு பிள்ளையின் சான்றிதழையும் பள்ளியும் வருவாய்த் துறையும் சேர்ந்து தேடிப்போய் முடித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கை, இரண்டு அலுவலகங்களால் செய்து முடிக்க முடியாத அளவுக்குப் பெரியதல்ல.

கடலூர்க்காரர்களுக்கு மழையையும் கணக்கில் சேர்க்காமல் முடியாது. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 பெருவெள்ளம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெருகிய தென்பெண்ணை. அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நாட்களில்தான் இங்கே வீட்டுக்குள் தண்ணீர் வரும். புத்தகம் நனைந்தால் இன்னொன்று வாங்கிவிடலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் அப்பாவின் டி.சி.யும் போனால் மறுபடி வாங்க அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அக்டோபருக்கு முன்பே அத்தனையையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலும் மெயிலிலும் போட்டு வைப்பது இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடத்தைப் போலவே முக்கியம்.

தேர்வு எழுதி வாங்கும் பணம்

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் எழுதக்கூடிய தேர்வு ஒன்று இருக்கிறது. முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு என்று பெயர். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதன்முதலாக 2023 அக்டோபரில் நடந்தது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடங்களிலிருந்துதான் கேள்விகள். மாநிலம் முழுவதும் 500 மாணவர்கள், 500 மாணவிகள் என ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, பட்டப்படிப்பு முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் தருகிறார்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு என்று மற்றொன்றும் உண்டு. அதைத் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடம்தான் அடிப்படை; தேர்வாகும் 1,500 பேருக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 1,500 ரூபாய். அதைப் பிளஸ் ஒன்னில் விட்டால் விட்டதுதான்.

கட்-ஆஃப் என்னும் கணக்கு

தமிழ்நாடு 2007-லேயே தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வைச் சட்டம் போட்டு நீக்கியது. அதனால் பொறியியலுக்கு இன்றைக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான். கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் தலா ஐம்பதுக்கு, மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்தால் 92 + 42 + 44 = 178. இந்தக் கணக்கை ஒரு பிள்ளை பிளஸ் ஒன்னிலேயே போட்டுப் பார்த்தால், கணிதத்தின் எடை எவ்வளவு என்பது யாரும் சொல்லாமலே புரியும். தமிழும் ஆங்கிலமும் இதில் வராது. ஆனால் அவற்றில் தோற்றால் கட்-ஆஃபுக்குப் பயனில்லை.

கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைன். கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் விருப்ப வரிசைப்படி பிள்ளைதான் நிரப்ப வேண்டும். மேலே வைத்தது கிடைத்துவிட்டால் கீழே உள்ளவற்றை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே எது மேலே, எது கீழே என்பதுதான் எல்லாமே. பிரவுசிங் சென்டரில் அவசரத்தில் தெரியாத ஒருவர் நிரப்பித்தர, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, கேள்விப்படாத கல்லூரியில் இடம் விழுந்து, போகாமல் விட்ட பிள்ளைகளும் உண்டு. முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் பட்டியல்கள் பொதுவெளியில் கிடைக்கின்றன. பிளஸ் ஒன் ஆண்டு விடுமுறையில் அதை எடுத்துவைத்துப் பத்துக் கல்லூரிகளைத் தேடிப்பார்த்தவர்களுக்கு அந்த அவசரம் வராது.

பொறியியலும் மருத்துவமும் மட்டுமே கல்லூரி என்ற எண்ணமும் இன்னும் போகவில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம். செலவு ஐம்பது ரூபாய் அளவில் முடிந்துவிடும். ஐந்தாண்டுச் சட்டப்படிப்புக்கு அரசுக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல். நர்சிங், பிசியோதெரபி போன்ற படிப்புகளுக்கும் தனிக் கலந்தாய்வு இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டில் சேர முடியும், அங்கிருந்து பொறியியல் இரண்டாமாண்டுக்கும் போக முடியும். சுற்றுவழிதான், ஆனாலும் கணிதத்தில் தடுக்கி விழுந்த பிள்ளைக்கு அது நல்ல வழி.

அமெரிக்காவில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு முழுக்கக் கல்லூரிப் பேச்சுதான். 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும் என்று அங்குள்ள பள்ளி ஆலோசகர் சங்கம் பரிந்துரைக்கிறது. நம் அரசுப் பள்ளிகளில் அந்த வேலை, பாடமும் நடத்தி, எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் விவரமும் ஏற்றி, தேர்வுத் தாளும் திருத்தும் வகுப்பாசிரியரின் தலையில்தான் விழுகிறது. 2021-22 கணக்குப்படி உயர்கல்வியில் சேரும் விகிதம் இந்திய அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். அந்த உயரத்துக்குப் பின்னால் பெயர் தெரியாத அந்த ஆசிரியர்களின் உழைப்பும் இருக்கிறது. அவர்களுக்குத் துணையாகப் பள்ளிக்கு ஓர் ஆலோசகர் கேட்பது பேராசை அல்ல.

பிளஸ் டூ முடித்தும் கல்லூரியில் சேராதவர்களைத் தேடிப் பிடிக்க அரசு 'உயர்வுக்குப் படி' என்ற முகாமை நடத்துகிறது. எமிஸ் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் போனில் அழைக்கிறார்கள். வீட்டில் கஷ்டம், கல்யாணப் பேச்சு, சான்றிதழ் வரவில்லை, தேதி தெரியவில்லை, அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டான் என்று பதில்கள் வரும். ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் அந்தப் பதில்களைக் கேட்டு, மீதமிருக்கும் இடங்களில் சேர்க்கிறார்கள். அதே எமிஸ் பட்டியலில் அதே பிள்ளைகளின் பெயர்கள் பதினொன்றாம் வகுப்பிலேயே இருக்கின்றன. அதே போன் அழைப்பை இரண்டு வருடம் முன்னதாக, பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் கடலூர் மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளும் தொடங்கலாம்.